கையில் தொடாமல் அடையாளம் காண்பது எப்படி: இங்கிலாந்துக் காடுகளின் லயன்ஸ் மேன் காளானுக்கு முழு வழிகாட்டி

லண்டனில் இப்போது லயன்ஸ் மேன் காளான் (சிங்கப் பிடரி மாதிரி வெள்ளை முட்கள் தொங்கும் உருண்டைக் காளான்) வாங்குவது பெரிய காரியமில்லை. வாரச் சந்தைகளிலும் சில சூப்பர் மார்க்கெட்களிலும் பிளாஸ்டிக் தட்டில் அடைத்து விற்கிறார்கள். வீட்டில் வளர்க்க மரத்தூள் நிரப்பிய பைகளும் கிடைக்கின்றன. ஆனால் அதே காளான் காட்டில் ஒரு கிழட்டு பீச் மரத்தில் தானாக முளைத்திருந்தால் கதையே வேறு. அதைப் பறிப்பது சட்டப்படி குற்றம்.

1981ஆம் ஆண்டின் வைல்ட்லைஃப் அண்ட் கன்ட்ரிசைடு சட்டத்தில் எட்டாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. பறிக்கவோ பிடுங்கவோ அழிக்கவோ கூடாத காட்டுத் தாவரங்களின் பட்டியல் அது. 1998ல் அதில் நான்கு காளான்களைச் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்றுதான் லயன்ஸ் மேன். அறிவியல் பெயர் ஹெரிசியம் எரினேசியஸ். 'என் நிலம், என் மரம்' என்று நிலத்தின் சொந்தக்காரர்கூடச் சொல்ல முடியாது. காட்டில் எடுத்ததை விற்றாலும் குற்றம்தான்.

அடையாளம் காண்பதில் சிக்கல் இங்கேதான் வருகிறது. காளான் கையேடுகள் எல்லாம் ஒரே முறையைத்தான் சொல்லித்தருகின்றன: பறியுங்கள், கவிழ்த்துப் பாருங்கள், நறுக்கிப் பாருங்கள், தாளில் வைத்து ஸ்போர் (காளானின் விதை போன்ற நுண்தூள்) நிறம் எடுங்கள். இந்தக் காளானிடம் அவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. நல்ல வேளையாக, அதற்கு அவசியமும் இல்லை. இதன் முக்கியமான அடையாளங்கள் எல்லாம் வெளியிலேயே தெரிகின்றன. எங்கே பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும், கையை பாக்கெட்டில் வைத்துக்கொண்டே முடிவுக்கு வந்துவிடலாம்.

படி 1: கடையில் வாங்கி அறுத்துப் பழகுங்கள்

காட்டுக்குப் போவதற்கு முன் ஒரு வளர்ப்புக் காளானை வாங்கி வாருங்கள். காட்டில் செய்ய முடியாததை எல்லாம் சமையலறையில் செய்து பார்த்துவிடலாம்.

மேலிருந்து கீழாக நடுவில் ஒரே வெட்டு வெட்டுங்கள். உள்ளே வெள்ளையாக, கொஞ்சம் பஞ்சுத்தன்மையோடு, ஆங்காங்கே சின்னச் சின்ன வெற்றிடங்களோடு ஒரே கட்டியான சதை இருக்கும். கிளைகள் கிடையாது. இதை மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் இதன் சொந்தக்காரக் காளான்களிலிருந்து இதைப் பிரித்துக்காட்டப் போவது முக்கியமாக இதுதான்.

அடுத்து முட்கள். ஒன்றைப் பிய்த்து லென்ஸின் கீழே வைத்துப் பாருங்கள். தட்டையாக இருக்காது, உருண்டையாக இருக்கும். அடியில் பருத்து நுனியில் கூர்மையாக முடியும். பெயர்தான் முள், தொட்டால் மெத்தென்று வளையும். ஸ்போர்கள் உருவாவது இந்த முட்களின் மேல்பரப்பில்தான். குடைக் காளான்களுக்கு அடியில் இருக்கும் செவுள்களின் வேலையை இங்கே முட்கள் செய்கின்றன. காளானின் மேல்பக்கத்தைப் பாருங்கள், அங்கே முள் குட்டையாகவோ வெறும் ரோமமாகவோதான் இருக்கும். நீளமான முட்கள் எல்லாம் பக்கவாட்டிலும் அடியிலும்தான்.

கடைக் காளானிடம் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். விற்பனைக்காக இளசாகவே பறித்துவிடுவதால் அதன் முட்கள் பெரும்பாலும் குட்டையாக இருக்கும். காட்டில் முற்றியதில் அவை ஐந்து சென்டிமீட்டர் வரை தொங்கும். இன்னொன்று, பையில் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்: காற்றோட்டம் இல்லாமல் கரியமில வாயு கூடினால் இது உருண்டை பிடிக்காமல் பவளம் மாதிரிக் கிளை விட்டுவிடும். அப்படி வளர்ந்ததைப் பார்த்து இதன் வடிவத்தைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

படி 2: காளானை விடுங்கள், மரத்தைத் தேடுங்கள்

இந்தக் காளான் தரையில் முளைக்காது. தரையில் நிற்கிறதா? அப்படியானால் அது வேறு ஏதோ ஒன்று. இது வாழ்வது மரத்துக்குள், அதுவும் வயதான மரத்தின் நடுக்கட்டையில். இங்கிலாந்தில் முதல் இடம் பீச் மரத்துக்கு, அடுத்தது ஓக். நடுக்கட்டை என்பது மரத்தின் உயிரற்ற பகுதி. அதை இந்தக் காளான் மெல்ல மெல்லத் தின்று, வெளுத்துப் பஞ்சாக்குகிறது. சுற்றியிருக்கும் உயிருள்ள பகுதி தன் பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே காளான் குடியிருக்க, மரம் பல பத்தாண்டுகள் நிற்கும். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் லின் பாடி பல காலமாக ஆராய்ந்து வருவது இப்படி மரத்துக்குள் வாழும் பூஞ்சைகளைப் பற்றித்தான். வெளியே நாம் பார்க்கும் வெள்ளை உருண்டை, உள்ளே இருக்கும் பூஞ்சை சில வாரங்களுக்கு மட்டும் வெளியே நீட்டும் பாகம்.

எனவே இளம் மரங்கள் நிறைந்த காட்டில் சுற்றுவது வீண். கிழட்டு மரங்கள் மிஞ்சியிருக்கும் இடம் வேண்டும். பிரிட்டனில் இதற்குப் பேர்போன இடம் ஹாம்ப்ஷயரின் நியூ ஃபாரஸ்ட். வின்ட்சர் கிரேட் பார்க்கையும் சேர்த்துக்கொள்ளலாம். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் பிராக்கன்ஹர்ஸ்ட் போக சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். இறங்கினால் நியூ ஃபாரஸ்டுக்குள்தான் இருப்பீர்கள்.

அங்கே நீங்கள் தேட வேண்டியது பொலார்டு எனப்படும் மரங்களை. அந்தக் காலத்தில் விறகுக்கும் ஆடுமாடுகளின் தீவனத்துக்கும் மரத்தை அடியோடு சாய்க்காமல், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கிளைகளை மட்டும் வெட்டுவார்கள். வெட்டிய இடத்திலிருந்து மறுபடியும் கொத்தாகக் கிளைகள் கிளம்பும். நியூ ஃபாரஸ்டில் இந்த வழக்கத்தை 1698ல் ஒரு சட்டம் தடுத்தது. ஆகவே அங்கே அந்த உருவத்தில் நிற்கும் பெரிய பீச் மரங்களில் பலவற்றுக்கு முந்நூறு வயதுக்கு மேல். வெட்டுக்காயம், பொந்து, முறிந்த கிளை என்று பூஞ்சை நுழைய எத்தனையோ வாசல்கள்.

பீச் மரத்தைத் தெரிந்துகொள்வது சுலபம். பட்டை சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். அடியில் பழுப்பு இலைகளும், நான்காகப் பிளந்த முள் தோடுகளும் சிதறிக் கிடக்கும். ஓக் மரத்தின் பட்டை நெடுக வெடித்துக் கரடுமுரடாக இருக்கும்.

அப்புறம், மரத்தில் எந்த இடத்தைப் பார்ப்பது? கிளை முறிந்த வடு, தண்டில் விழுந்த நீள வெடிப்பு, பொந்தின் விளிம்பு, விழுந்த தண்டின் அறுபட்ட முனை. வழுவழுப்பான முழுப் பட்டையைத் துளைத்துக்கொண்டு இது வருவதில்லை. இடுப்பளவிலும் இருக்கும், பத்து மீட்டருக்கு மேலேயும் இருக்கும். பெரும்பாலானவர்கள் தரையையே பார்த்துக்கொண்டு நடப்பதால்தான் இதைத் தவறவிடுகிறார்கள். ஒரு பைனாகுலர் கட்டாயம் கொண்டுபோங்கள்.

படி 3: பருவம்

ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வரலாம். நல்ல காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. என்னைக் கேட்டால் நவம்பர் முதல் பாதிதான் சிறந்தது. இலைகள் உதிரத் தொடங்கியிருக்கும், உயரத்தில் இருப்பதும் கண்ணில் படும்.

ஒரே மரத்தில் ஒரே வடுவில் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரும், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒரு வருடம் வரவில்லை என்பதற்காக அது செத்துவிட்டது என்று எழுதிவிட வேண்டாம்.

பலத்த காற்று வீசும் நாளில் கிழட்டு பீச் மரங்களின் கீழே நிற்காதீர்கள். உள்ளே உளுத்துப்போன மரத்தைத்தானே தேடிப் போகிறோம், கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. உண்ணிகளும் அங்கே அதிகம், லைம் நோயைப் பரப்புகிறவை. முழுக்கால் சட்டை போட்டு அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் உடம்பைச் சோதித்துப் பாருங்கள்.

படி 4: தூரத்து வெள்ளைகள்

முப்பது மீட்டர் தள்ளி, தண்டில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது. உற்சாகத்தில் ஓட வேண்டாம். இலையுதிர் காலத்து பீச் காட்டில் ஏமாற்றும் வெள்ளைகள் நிறையவே உண்டு.

அதிகம் ஏமாற்றுவது போர்சலின் காளான். செத்த பீச் கிளைகளில் கொத்துக்கொத்தாக, பளபளவென்று வெள்ளையாக முளைக்கும். பைனாகுலரில் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குடையாக, கோழைப் பூச்சோடு மின்னுவது தெரியும். லயன்ஸ் மேன் அப்படி மின்னாது. அதன் வெள்ளை ஒரு மங்கலான, ரோமம் படிந்த வெள்ளை.

அடுத்தது பட்டையில் மாவு பூசினாற்போல் தெரியும் படலம். பீச் மரத்தின் சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சிகள் தங்களைச் சுற்றிக் கட்டும் மெழுகுப் பஞ்சு அது. தட்டையாக, திட்டுத்திட்டாகப் பரவியிருக்கும். பட்டையிலிருந்து துருத்திக்கொண்டு நிற்காது. பைன் மரத்தின் அடியில் வெளிர் மஞ்சளாகப் பெரிய உருண்டையைப் பார்த்தால் அது பெரும்பாலும் காலிஃபிளவர் காளான்; அதில் முள்ளே இருக்காது, சுருண்ட மடல்கள்தான் இருக்கும்.

முள் காளான் என்று சொன்னதுமே பலருக்கு ஹெட்ஜ்ஹாக் காளான் நினைவுக்கு வரும். அதற்கும் அடியில் முட்கள் உண்டு. ஆனால் அது தரையில் முளைப்பது. தொப்பியும் தண்டும் உள்ள சாதாரணக் காளான் உருவம். படி 2ஐத் தாண்டாது.

படி 5: கிட்டே நின்று கேட்க வேண்டியவை

இப்போது மரத்தடிக்கு வந்துவிட்டீர்கள். வேரைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்காமல், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். இந்த வழிகாட்டியில் மிகவும் நிதானமாகச் செய்ய வேண்டிய கட்டம் இது.

முதலில், முட்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? நேராகக் கீழே தொங்க வேண்டும். தண்டு சாய்ந்திருந்தாலும், விழுந்து கிடந்தாலும், முட்கள் ஆலம் விழுது மாதிரி பூமியை நோக்கித்தான் இறங்கும். மேல்நோக்கி வளரும் பவளக் காளான்கள் எல்லாம் இந்தக் கேள்வியிலேயே கழன்றுவிடும். காளான் வளர்ந்துகொண்டிருக்கும்போதே கட்டை புரண்டிருந்தால் பழைய முட்கள் சரிந்தும் புது வளர்ச்சி நேராகக் கீழேயும் இருக்கும். பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்து, முட்கள் எதிலிருந்து தொங்குகின்றன? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. லயன்ஸ் மேனில் முட்கள் ஒரே ஒரு கட்டியான உடலிலிருந்து நேராக இறங்குகின்றன. உடல் கிளை பிரிவதில்லை. படிப்படியாகத் தட்டு வைத்துக்கொண்டு போவதும் இல்லை. ஒரே உருண்டை, மரத்தோடு ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும். அளவு பெரும்பாலும் பத்திலிருந்து இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள். அதைவிடப் பெரிதாகவும் வரும்.

முன்னால் நின்று பார்த்தால் முட்கள் திரைபோல் மூடியிருப்பதால் உள்ளே கிளை இருக்கிறதா என்று தெரியாது. பக்கத்துக்குப் போய், காளான் மரத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பிறகு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். முள் நுனிகள் ஒரே பரப்பாக நெருங்கி நின்றால் உடல் ஒன்று. நடுநடுவே இடைவெளி விட்டுக் கொத்துக்கொத்தாகப் பிரிந்திருந்தால் உள்ளே கிளைகள் இருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, முள் எவ்வளவு நீளம்? தொடாமல் அளக்க வேண்டும். ஒரு பத்து பென்ஸ் நாணயத்தைக் காளானுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில் பிடித்துப் படம் எடுங்கள். அதன் குறுக்களவு 24.5 மில்லிமீட்டர். நாணயத்தைவிட நீளமான முட்கள் ஏராளமாக இருந்தால் இங்கிலாந்தில் வழக்கு கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். அடுத்து வரும் சொந்தக்காரர்கள் இருவரிடமும் முட்கள் சுமார் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டரோடு நின்றுவிடும்.

படி 6: சொந்தக்காரர்கள்

ஹெரிசியம் குடும்பத்தில் இங்கிலாந்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

கோரல் டூத், அதாவது ஹெரிசியம் கோரலாய்டஸ். இது முழுக்க முழுக்கக் கிளைதான். மெல்லிய வெள்ளைக் கிளைகள் பிரிந்து பிரிந்து போகும். ஒவ்வொரு கிளையின் அடியிலும் சீப்பின் பல்வரிசையாகக் குட்டை முட்கள். பெரும்பாலும் விழுந்து கிடக்கும் பீச், ஆஷ் கட்டைகளில் வருகிறது. முற்றியதைப் பார்த்தால் குழப்பமே இல்லை. இளசாக இருக்கும்போது கிளைகள் நெருங்கி ஒரே கட்டியாகத் தெரிவதுதான் தொல்லை.

டியர்டு டூத், அதாவது ஹெரிசியம் சிரேட்டம். உண்மையில் அதிகம் குழப்புவது இதுதான். அதே பீச் மரம், அதே பருவம், நியூ ஃபாரஸ்டிலும் உண்டு. ஆனால் இது அடுக்கடுக்கான தட்டுகளாக வளரும். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில்தான் முட்கள். தட்டின் மேல்பக்கம் சொரசொரப்பாக, சின்னச் சின்னக் கூர்முனைகளோடு இருக்கும். நிறமும் தூய வெள்ளையைவிட வெண்ணெய் நிறத்துக்குப் பக்கம். பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பக்கமிருந்து முட்களை மட்டும் பார்த்துவிட்டு லயன்ஸ் மேன் என்று எழுதப்படுபவற்றில் பல இதுவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

இந்த இரண்டும் எட்டாவது அட்டவணையில் இல்லை. அதற்காக இவற்றைப் பறிக்கலாம் என்று ஆகிவிடாது, இவையும் அரியவைதான். நியூ ஃபாரஸ்டில் எந்தக் காளானையுமே பறிக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். லண்டனை ஒட்டிய எப்பிங் ஃபாரஸ்டிலும் பறிப்பதற்குத் தடை உண்டு.

குடும்பத்துக்கு வெளியே பார்க்க வேண்டிய ஒன்று நார்தர்ன் டூத். பீச் மரத்தில் பெரிய பெரிய அலமாரித் தட்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தட்டுகள் தடித்தவை, அடியில் முட்கள். அடுக்கு என்ற ஒரே காரணத்தாலேயே லயன்ஸ் மேன் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடலாம்.

படி 7: வயதைக் கணக்கில் எடுங்கள்

கையேட்டில் இருக்கும் படம் நடுவயதுக் காளானுடையது. காட்டில் அது அந்த நிலையில் இருப்பது சில நாட்கள்தான்.

முளைக்கும்போது முள்ளே இல்லாத வெள்ளைக் கட்டி. சிலவற்றில் லேசாக இளஞ்சிவப்பு ஓடும். பிறகு மரு மரு ஆகப் புடைத்து, அவை நீண்டு முட்களாகும். இந்தத் தொடக்க நிலையில் இனத்தைத் தீர்மானிக்கவே கூடாது. 'ஹெரிசியம், இனம் தெரியவில்லை' என்று எழுதிவைத்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் போய்ப் பாருங்கள்.

முற்றினால் முள் நுனிகளில் முதலில் மஞ்சள் ஏறும், அப்புறம் பழுப்பு, கடைசியில் மொத்தமும் நிறம் மங்கித் தொங்கி உருக்குலையும். நிறம் மாறிவிட்டது என்பதற்காக வேறு காளான் என்று நினைக்க வேண்டாம். கிழடானாலும் 'ஒரே உடல், நீள முள்' என்ற இரண்டும் கடைசி வரை தெரியும். உறைபனி அடித்த பிறகு பார்த்தால் ஈரத்துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், அதிலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

படி 8: படம்

நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரப் போவது படம் மட்டும்தான். அதனால் அழகுக்காக எடுக்காமல் சாட்சிக்காக எடுங்கள்.

முழு மரமும் தெரிய ஒன்று. தண்டில் காளான் எந்த வடுவில், எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்ட ஒன்று. நேர் முன்னால், இரு பக்கமும், நேர் கீழேயிருந்து மேல்நோக்கி. நாணயத்தோடு முட்கள் மட்டும். பட்டையும் கீழே கிடக்கும் இலையும் தனியாக. இவற்றில் கீழிருந்து எடுத்த படத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பதிவைச் சரிபார்க்கும் நிபுணர் முதலில் கேட்பதும் அதைத்தான். வெள்ளைக் காளானை மங்கலான காட்டில் எடுக்கும்போது கேமரா அதை வெளுத்துவிடும், முட்கள் ஒன்றோடு ஒன்று கலந்துபோகும். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

ஃபோன் செயலிகள் பெயர் சொல்லும்தான். இந்தக் குடும்பத்தில் முள்ளைப் பார்த்ததும் லயன்ஸ் மேன் என்று சொல்லிவிடுவது அவற்றுக்குப் பழக்கம். அதைப் பதிலாக எடுக்காமல் ஒரு யோசனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: மைக்ராஸ்கோப் இருந்தால்

பறிக்காமலே ஸ்போர் எடுக்க வழி உண்டு. காளான் தாழ்வாக இருந்தால், அதன் நேர் கீழே ஒரு கண்ணாடி ஸ்லைடை மரத்தில் படாமல் தரையில் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து எடுங்கள். முற்றிய காளானிலிருந்து வெள்ளைத் தூள் படிந்திருக்கும். மெல்சர் எனப்படும் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டால் ஸ்போர்கள் நீலக்கறுப்பாக மாறும். இது ஹெரிசியம் குடும்பம் மொத்தத்துக்கும் பொது. இனத்தைப் பிரிக்க உதவாது.

இனத்தைப் பிரிப்பது அளவு. லயன்ஸ் மேனின் ஸ்போர் சுமார் 5 முதல் 6.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளமும் 4 முதல் 5.5 மைக்ரான் அகலமும் இருக்கும். மற்ற இரண்டிலும் ஸ்போர்கள் தெளிவாகவே சிறியவை; நீளம் பெரும்பாலும் 5 மைக்ரானைத் தாண்டாது. ஒன்றிரண்டை அளந்து முடிவு கட்டாமல், இருபது முப்பதையாவது அளந்து சராசரி பாருங்கள். ஸ்லைடில் வேறு பூஞ்சைகளின் ஸ்போரும் விழுந்திருக்கலாம். நீலக்கறுப்பாக மாறியதை மட்டும் எண்ணுங்கள்.

மாதிரி எடுத்தே தீர வேண்டிய ஆய்வு என்றால், அதற்கு நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அது தேவைப்படாது.

படி 10: நட்டதா, தானாக வந்ததா

இது சமீப காலத்துத் தலைவலி. லயன்ஸ் மேன் பூஞ்சையைப் பதித்த மரக்குச்சிகளை வாங்கி, கட்டையில் துளை போட்டு அடித்து வளர்ப்பது இப்போது சகஜம். தோட்டம், பூங்கா, ஊருக்குப் பக்கத்துத் தோப்பு போன்ற இடங்களில் பார்த்தால் கட்டையை நன்றாகக் கவனியுங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், சம இடைவெளியில், வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். ஒரே அளவாக அறுத்த கட்டைகளை அடுக்கி வைத்திருப்பதும் ஒரு தடயம். அப்படி இருந்தால் அது காட்டுப் பதிவாகாது. சந்தேகம் என்றால் அதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள், அரிய இனத்தின் கணக்கு தப்பாகிவிடக் கூடாது.

படி 11: யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது

தேதி, மர வகை, மரம் நிற்கிறதா விழுந்ததா, காளானின் உயரம், எண்ணிக்கை, ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனம்) வரைபடக் குறியீடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குறியீட்டில் இரண்டு எழுத்துகளுக்குப் பின் எட்டு இலக்கம் இருந்தால் பத்து மீட்டர் துல்லியம் கிடைக்கும். பழைய காட்டில் ஒரு மரத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க அது போதும். பிறகு உங்கள் கவுன்டியின் பூஞ்சைப் பதிவுக் குழுவுக்கு அனுப்புங்கள், அல்லது உயிரினப் பதிவுகளுக்கான ஐரெக்கார்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். 1896ல் தொடங்கிய பிரிட்டிஷ் மைக்கலாஜிக்கல் சொசைட்டி என்ற பூஞ்சையியல் சங்கமும் காளான் பதிவுகளைத் திரட்டுகிறது.

உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுவதானால் இருப்பிடத்தை மறைக்கும் வசதியைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். வாட்ஸப் குழு, ஃபேஸ்புக் இரண்டிலும் இடத்தின் பெயரே வேண்டாம். ஃபோன் படத்துக்குள்ளேயே இருப்பிடம் பதிந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 'மூளைக்கு நல்லது' என்ற பேச்சு கிளம்பிய பிறகு இந்தக் காளானுக்கு இருக்கும் கிராக்கி உங்களுக்கே தெரியும். சின்னச் சின்ன ஆய்வுகளை வைத்துக்கொண்டு பெரிய பெரிய பேச்சு நடக்கிறது என்பது என் எண்ணம். சாப்பிட வேண்டும் என்றால் வளர்த்ததை வாங்கிச் சாப்பிடலாமே, இனம் ஒன்றுதான்.

இங்கிலாந்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன அளவுகோலை அப்படியே டொரன்டோவுக்கு எடுத்துப் போகாதீர்கள். வட அமெரிக்காவில் ஹெரிசியம் அமெரிக்கானம் என்று இன்னொரு இனம் இருக்கிறது. அது கிளையும் விடும், கிளை நுனிகளில் நீள முட்களும் தொங்கும். 'நீள முள் என்றால் லயன்ஸ் மேன்' என்ற விதி அங்கே செல்லாது. உடல் கிளை பிரிகிறதா என்ற கேள்வி மட்டும்தான் மிஞ்சும். மேற்குக் கரையின் ஊசியிலை மரங்களில் ஹெரிசியம் அபியெட்டிஸ் வளர்கிறது. ஐரோப்பிய மலைகளின் ஃபர் மரங்களில் இருப்பதோ ஹெரிசியம் ஃபிளாஜெல்லம். அதனால் ஊசியிலை மரத்தில் பார்த்தால் முதலில் இவர்களை நினையுங்கள். பறிப்பது பற்றிய சட்டமும் பூங்காவுக்குப் பூங்கா மாறும், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மரத்தை வெட்டப் போகிறார்கள் என்றால்

இந்தக் காளானைக் காப்பாற்றுவதில் பறிக்காமல் இருப்பது சின்னப் பங்குதான். உள்ளே உளுத்த மரம் ஆபத்து என்று சொல்லி அதை வெட்டிவிட்டால், காளானோடு சேர்ந்து அதன் வீடும் போய்விடும். காளான் வந்த மரம் பாதை ஓரத்திலோ பூங்காவிலோ இருந்தால் உங்கள் பதிவை, படங்களோடு, உள்ளூர் கவுன்சிலின் மர அதிகாரிக்கும் அனுப்பிவையுங்கள். பெரும்பாலான நேரங்களில் முழு மரத்தையும் சாய்க்காமல் பாரத்தைக் குறைக்கச் சில கிளைகளை மட்டும் எடுத்தாலே போதும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், தண்டைத் துண்டு போட்டு விறகாக்காமல் நீளமாகவே அதே இடத்து நிழலில் கிடக்க விடச் சொல்லுங்கள். விழுந்த தண்டிலும் லயன்ஸ் மேன் பல ஆண்டுகள் வரும்.